எண்ணெய்த் தலையோடு போட்டுப் பார்த்த சூட்

புதிதாய் வந்திருக்கிற பிள்ளையளுக்கு,

உங்களில் நாலு பேர் தமிழ் வாசிப்பீர்கள் என்று மனேஜர் சொன்னா. வேலையை விட்டுப்போன பழைய ஆட்கள் எல்லோரிடமும், பட்டது கெட்டது ஏதும் இருந்தால் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறா. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. நீங்கள் வந்திருக்கிற அந்தப் பட்டறையில் பதினாலு வருசம் இருந்தேன், என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

ரப்பர் ஒட்ட, தண்ணீர் புகாத உடுப்புக்குள் காற்றடித்து ஓட்டை பார்க்க எல்லாம் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். அதை நான் எழுதவில்லை. நான் விட்ட பிழை ஒன்றிரண்டை எழுதுகிறேன்.

பட்டறைச் சுவரில் ஒரு பெரிய படம் கண்டிருப்பீர்கள். கிரீன்லாந்தில் ஒரு துறைமுகம். அதன் பெயர் இன்றைக்கும் என் வாயில் ஒழுங்காய் வராது. இரண்டு பக்கமும் கறுத்த மலை செங்குத்தாய் நிற்கும், நடுவில் கடல் கையை நீட்டின மாதிரி நீளமாய் உள்ளே போகும். தண்ணீரில் வீடளவு பனிக்கட்டி மிதக்கும். கரையில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்ப் பலகை வீடுகள், கட்டிப்போட்ட நாய்கள். வருசத்தில் கொஞ்ச நாள்தான் கப்பல் போகலாம், மற்றப்படி கடல் உறைந்து கிடக்கும். அந்தக் கொஞ்ச நாளில் மலை ஏறுகிறவர்கள், கயாக் என்கிற ஒடுக்கமான சின்னப் படகைத் துடுப்பால் வலிக்கிறவர்கள், நாள்கணக்கில் நடக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். எங்கள் கொம்பனி அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும். அவர்களுடைய கூடாரம், தூங்கும் பை, தண்ணீர் புகாத சூட் எல்லாம் மவுண்ட் வெல்லிங்டனில் இந்தப் பட்டறையில் எங்கள் கையால் திருத்தப்பட்டு, நீலப் பீப்பாய்களில் அடைபட்டுப் போகும். சீசன் முடிய அழுக்கோடும் நாய் மயிரோடும் திரும்பி வரும்.

எனக்கு அந்த உடுப்புகளைப் பார்த்தாலே எரிச்சல். ஒருமுறை ஒரு மலையேறியின் சட்டைப் பையில் காய்ந்த பூ ஒன்று கிடந்தது. ஊதா நிறம், சின்னவிரல் நகமளவு. இந்தச் சட்டை அவ்வளவு தூரம் போய்ப் பூவும் பறித்துக்கொண்டு வந்திருக்கிறது. நானோ வீடு இருக்கிற லின்ஃபீல்டில் பஸ் ஏறி, இறங்கி, இன்னொன்று ஏறி, மவுண்ட் வெல்லிங்டனுக்கு வருகிறேன். பின்னேரம் அதே வழியால் திரும்பிப் போகிறேன். ஒரு சட்டையில் பொறாமைப்பட்ட மனுசி உலகத்தில் நான் ஒருத்தியாய்த்தான் இருப்பேன்.

சிரிக்காதேங்கோ. என் சீவியத்தில் நான் போன பயணம் எல்லாம் துரத்தப்பட்டுப் போன பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு, அங்கேயிருந்து இந்தியாவுக்கு, பிறகு கடல் தாண்டி இந்த நாட்டுக்கு. பார்க்கவேணும் என்று ஆசைப்பட்டு ஒரு இடத்துக்கும் போனதில்லை. அந்தத் துறைமுகம்தான் நான் ஆசைப்பட்ட முதல் இடம். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

பட்டறைக்கு வர முதல் நான் நியூ லின்னில் ஒரு கடையில் காற்சட்டைகளுக்குக் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் எனக்கு வேலை பழக்கினவர் ஒரு சமோவாத் தீவுக்காரர், முந்தி மீன்பிடிக் கப்பலில் இருந்தவர். பெயரை எழுதினால் கோபிப்பார். முதல் கிழமை ஒரு கிழிந்த கூடாரத்தைத் தந்தார். நான் ஊரில் சட்டை தைத்த கை. பொடித் தையலாய், நெருக்கி நெருக்கி, வடிவாய்த் தைத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல வடிவு, சிஸ்டர்."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுவை. ஊசி போன வழியே சர்ரென்று கிழிந்து வந்தது. நெருக்கிக் குத்தின ஓட்டை எல்லாம் சேர்ந்து துணியை அறுத்து வைத்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது.

"நீ மற்ற ஆட்கள் உன் கையைப் பார்க்கவேணும் என்று தைத்திருக்கிறாய்," என்றார். "அங்கே காற்றடிக்கும்போது ஒருத்தன் இதற்குள் படுத்திருப்பான். அவனை நினைத்துத் தை."

அன்றைக்கே அகலத் தையலுக்கு மாறினேன். ஐந்தாறு வருசத்தில், ரப்பர் வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே மனேஜரிடம் சொன்னார். அங்கே துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு திருத்தும் கொட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கும் எங்களில் ஒராள் போய் எட்டுக் கிழமை அதில் இருக்கவேணும். அவர்தான் வழக்கமாய்ப் போவார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, இனி நான்தான் என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாத எழுத்து.

அதற்கு முந்தின வருசம்தான் மலர் வந்து சேர்ந்திருந்தாள். இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். பஸ் டிரைவரோடும் கதைப்பாள், பீப்பாய் ஏற்ற வருகிறவனோடும் கதைப்பாள், தையல் மெஷினோடும் கதைப்பாள். நான் பேசாமல் இருப்பது அவளுக்குப் பெரிய பகிடி.

"என்னக்கா, வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா?"

"எனக்குக் கதைக்க ஒண்டுமில்லைப் பிள்ளை."

"ஆமா, எல்லாத்தையும் உள்ளேயே பூட்டி வச்சுக்கோங்க. சாவியையாச்சும் யார்கிட்டயாவது குடுங்க."

ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் மனேஜர் வந்து, "இந்தமுறை யார் வடக்கே, கிரீன்லாந்துக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவா, அப்போது சரி என்று தலையாட்டலாம் என்று காத்திருந்தேன். எங்கள் பழக்கம் அதுதானே. பந்தியில் ஒருவர் வந்து "வாங்கோ, இருங்கோ" என்று கூப்பிடாமல் போய் இருக்கமாட்டோம்.

"நான் போறேன்!" என்றாள் மலர், கையையும் தூக்கிக்கொண்டு.

மனேஜர் என்னை ஒருமுறை பார்த்தா. அது எனக்குத் தெரியும், பார்த்தா. நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தேன். அது உடைந்து உள்ளே விழுந்தது. நான் கரண்டி தேடி எடுக்க முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு வந்த நாட்களை என்னவென்று எழுத? அவள் சிரித்தால் எனக்கு எரிச்சல். பிந்தி வந்து ஏச்சு வாங்கினால் சந்தோசம். சூட்டுக்குக் கழுத்து ரப்பர் மாற்றப் பழக்கி விடுங்கக்கா என்று வந்தாள். அங்கே தனியாய்ச் செய்யவேண்டிய வேலை, பழக்காமல் விட ஏலாது, பழக்கினேன். ஆனால் பசையை எவ்வளவு நேரம் காயவிடவேணும் என்பதை அடுத்த நாள்தான் சொன்னேன். மறந்தமாதிரி. ஒரு நாள் அவள் முழிக்கட்டும் என்று. இவ்வளவு சின்னப் புத்தி எனக்குள் இருக்கிறது என்று எனக்கே அதுவரை தெரியாது.

கயாக் ஆட்களின் சூட்டைப் பற்றி ஒன்று சொல்லவேணும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அதன் உயிர் கழுத்து ரப்பரில் இருக்கிறது. போத்தலுக்கு மூடி மாதிரி அது கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். அது கிழிந்தால் சூட் குடம் மாதிரி நிரம்பும். அந்தப் பனித் தண்ணீர் உள்ளே போனால் ஆளுக்குக் கை மடக்கவும் அவகாசம் கிடையாது. இந்த ரப்பருக்கு எமன் எண்ணெய். பட்ட அன்றைக்கு ஒன்றும் காட்டாது. இரண்டு மூன்று கிழமையில் ஊதி, விளிம்பு நெளிந்து, பிறகு பிய்ந்து வரும். அதனால் நான் வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. சனிக்கிழமை மட்டும் நல்லெண்ணெய் வைத்து முழுகுவேன்.

மலர் போக மூன்று நாள் இருக்க, ஒரு சனிக்கிழமை காலை மனேஜர் ரெலிபோன் எடுத்தா. அங்கே படகில் போகும்போது போட மலருக்கென்று கொடுத்த சூட்டுக்குப் புதுக் கழுத்து மாற்றினது நான். அதைக் கடைசியாய் ஒருமுறை காற்றடித்துப் பார்த்துப் பையில் போட்டு வைக்க ஏலுமா என்று கேட்டா. தலையில் எண்ணெய் வைத்து ஊறவிட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு மணித்தியால வேலைதானே, வந்து முழுகலாம் என்று தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். சூட் ஒரு குறையும் இல்லாமல் காற்றுப் பிடித்து நின்றது. செம்மஞ்சள் நிறம். உள்ளே ஒருத்தி நிற்கிற மாதிரியே நின்றது.

பட்டறையில் வேறு ஒருவரும் இல்லை. அந்தப் படத்துக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு காலை விட்டேன். கையை விட்டேன். தலை போகவில்லை, துணிக்கட்டுத் தடுத்தது. துணியை அவிழ்த்துக் கதிரையில் போட்டுவிட்டுத் தலையை விட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் தெரியாது. கால் மணி இருக்கும். எனக்குக் கொஞ்சம் பெரிது. கண்ணாடி இல்லை, ஜன்னலில் பார்த்தேன். நல்லாய்த்தான் இருந்தேன்.

கழற்றும்போது கழுத்தில் நல்லெண்ணெய் மணம் வந்தது. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. சவர்க்காரத் தண்ணியால் மூன்று தரம் துடைத்தேன். பார்வைக்கு ஒன்றுமில்லை. புதுக் கழுத்து ஒட்டினால் ஒரு நாள் காயவேணும், ஞாயிறும் திங்களும் இருந்தன, நேரம் இருந்தது. ஆனால் ஏன் மாற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? துடைத்தது போதும் என்று எனக்கு நானே சொல்லிப் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை மலர் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டு துண்டு.

"நீங்க கழுத்து போட்ட சூட்டுக்கா. அந்தத் தைரியத்துலதான் போறேன்."

இரண்டு துண்டையும் வாங்கித் தின்றேன். அப்போதும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை, காலையில் எல்லோருடைய போனுக்கும் மலர் படம் அனுப்பினாள். துறைமுகத்தில் படகு கட்டுகிற பாலத்தில், பின்னால் பனிக்கட்டி மிதக்க, அந்தச் சூட்டோடு நிற்கிறாள். வாயெல்லாம் பல்லு. கீழே எழுதியிருந்தாள், விடிய கயாக் ஆட்களோடு படகில் பனிமலை அடிவரைக்கும் போகிறேன் என்று. எல்லோரும் அவள் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் கழுத்தைப் பார்த்தேன். விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

அங்கே இன்னும் முந்தின நாள் இரவு. அவள் படகு ஏறக் கொஞ்ச மணித்தியாலம்தான் இருந்தது. நான் மெஷினை நிப்பாட்டிவிட்டு மனேஜரின் அறைக்குப் போனேன். பதினாலு வருசத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அன்றைக்குத்தான்.

போனைக் காட்டி, "கழுத்துப் பிழை. போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன்.

அவ படத்தைப் பெருப்பித்துப் பார்த்தா. முகம் மாறியது. உடனே அங்கே இருக்கிற பொறுப்பாளருக்குப் போன் எடுத்து, மலருடைய சூட்டை ஒருவரும் தண்ணீருக்குக் கொண்டுபோகக்கூடாது, கழுத்தை மாற்றுங்கள் என்று சொன்னா. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"சன் கிரீம் பூசியிருக்கிறாள்," என்றா. "வெயில் குத்துகிற இடம்தான், ஆனால் அதிலும் எண்ணெய் இருக்கு, கழுத்தில் பூசாதே என்று எத்தனை தரம் சொன்னேன். நீ போட்ட கழுத்து மூன்று கிழமையில் இப்படி ஆகாது."

நான் என் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"தன்னுடைய சூட்டையே பார்க்கத் தெரியாதவளை அனுப்பிவிட்டேன். அது என் பிழை. உன்னைத்தான் அனுப்பியிருக்கவேணும். அடுத்தமுறை நீ போகிறாயா?"

பிள்ளையள், இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆபத்து அப்போது முடிந்துவிட்டது. மலர் அந்தச் சூட்டைப் போடமாட்டாள். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. சும்மா நின்றாலே போதும், சும்மா நிற்பது எனக்குக் கைவந்த வேலை. தலையை ஒருமுறை ஆட்டினால் அந்த மலை, அந்தப் பனிக்கட்டி, அந்த ஊதாப் பூ எல்லாம் எனக்கு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது.

நான் தலையை ஆட்டினேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், ஆட்டினேன். அவவும் சிரித்துக்கொண்டு மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து என்னவோ எழுதப் போனா. மலரைப் பற்றித்தான் எழுதப் போகிறா என்று விளங்கியது. அவளுடைய விசா இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சன் கிரீம் இல்லை," என்றேன். "என்ரை தலை. என்ரை எண்ணெய்."

அவவுக்கு விளங்கவில்லை. நான் என் தலைமயிரைப் பிடித்துக் காட்டினேன். கழுத்தால் சூட்டை இழுத்துப் போடுகிற மாதிரிக் கையால் செய்து காட்டினேன். கூத்தாடுகிற மாதிரி அந்த அறைக்குள் நின்று ஆடிக் காட்டினேன். அவவுக்கு விளங்கிவிட்டது.

"ஏன் போட்டாய்?"

"போக ஆசை," என்றேன். அதற்கு மேல் இங்கிலிசும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அவ பேனையை மூடி வைத்தா. "போய் வேலையைப் பார்," என்றா. அடுத்தமுறையைப் பற்றி அவவும் பிறகு கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு முதல் மலர் போன் எடுத்தாள்.

"அக்கா, என் சூட்டை நீங்க போட்டுப் பாத்தீங்களாமே?"

"ஓம்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா? ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தேன், வாழைப்பழத் தோலு மாதிரி கையோட வருது. காலைல இதை மாட்டிக்கிட்டுத் தண்ணில விழுந்திருந்தா எங்கம்மாவுக்கு யாருக்கா பதில் சொல்றது? திங்கக்கிழமை உங்க கையில ஸ்வீட் குடுத்தேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஊதின கழுத்துதான், கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நானும் பாக்கல," என்றாள், இன்னும் கோபமாய். "எண்ணெய் வாசனை வேற வந்துச்சு. என் தலைதான்னு நினைச்சு ரெண்டு தடவை ஷாம்பூ போட்டேன். இங்க தலைக்குக் குளிக்கிறது என்ன கொடுமைன்னு தெரியுமா உங்களுக்கு?"

சிரிக்காமலே போனை வைத்துவிட்டாள். புதுக் கழுத்து ஒட்டிக் காயவிட்டதால் அந்த நாள் படகில் அவள் போகவில்லை, வேறு ஒராள் போனான். பசை காயவேண்டிய நேரத்தை அவள் சரியாய்த் தெரிந்து வைத்திருந்தாள்.

பொறாமைப்படாதேங்கோ என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. அது வயிற்றில் இருக்கிற சாமான், வேலைக்கு வரும்போது வீட்டில் வைத்துவிட்டு வர ஏலாது. ஆனால் பிழை விட்டால் எப்பவும் அன்றைக்கே சொல்லுங்கோ. அன்றைக்கு அது ஒரு கழுத்து ரப்பரின் விலை. பிந்தப் பிந்த அது ஒரு ஆளின் உயிர் விலை ஆகும். மற்றது, உங்கள் பிழைக்கு இன்னொராள் ஏச்சு வாங்கும்போது வாய் மூடி நிற்பது அடக்கம் இல்லை. அதை நான் ஐம்பத்தெட்டு வயதில்தான் படித்தேன்.

மலர் எட்டுக் கிழமையும் முடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, மூக்கு உரிந்து, ஆள் இன்னும் வடிவாய் இருந்தாள். முதல் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"கழுத்து மாத்தினேனே, அதுக்கு ஆறாம் நாள் நான் விழுந்துட்டேங்கா. ஒருத்தன் கயாக் கவுந்து போச்சு, எட்டிப் புடிக்கப் போயி நானே தலைகீழா உள்ள. மூணு பேரு சேந்து இழுத்தாங்க. ஒரு சொட்டு உள்ள வரல."

அம்மாளாச்சி என்று மனதுக்குள் கும்பிட்டேன், அது பொய்யில்லை. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அந்தத் தண்ணிக்குள்ள இருந்து பாக்கேக்க எல்லாம் எப்பிடித் தெரிஞ்சது?"

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். பனிக்கட்டி கீழ்ப் பக்கத்தால் பச்சையாய் இருந்ததாம். அதற்குள் இருந்து சின்னச் சின்னக் குமிழி வெடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டதாம். மேலே வந்தபோது மலை முழுக்கத் தன்மேல் சாய்ந்து நின்ற மாதிரி இருந்ததாம். தேத்தண்ணி நேரம் முடிந்து மணி அடித்தும் அவள் நிப்பாட்டவில்லை. அவள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. பிறகென்ன, பிறகென்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.